சாமி நின்ற இடம் சாட்சி

பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக் பக்கம் போனால் அடுத்த நிறுத்தம் சம்பிகே சாலை. 1898இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கிய பிறகு மல்லேஸ்வரத்தை நிர்மாணித்தவர்கள் அந்தத் தெருவுக்குச் செண்பகத்தின் பெயரையும், அதற்கு இணையாக ஓடும் இன்னொரு தெருவுக்கு வேம்பின் பெயரையும் வைத்தார்கள். இன்று அங்கே மரத்தைவிடப் பெயருக்குத்தான் வாழ்வு.

பெங்களூரிலிருந்து தெற்கே, காரில் நாலைந்து மணி நேரத் தொலைவில், சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன் மலையில் இன்னொரு செண்பகம் இருக்கிறது. தொட்ட சம்பிகே, அதாவது பெரிய செண்பகம் என்று அதற்குப் பெயர். பார்கவி ஓடைக்கரையில், முப்பது மீட்டரைத் தாண்டிய உயரத்தில் நிற்கிறது. அடிமரம் பல மரங்கள் ஒன்றாகக் கூடிய மாதிரி பருத்து, மடிப்பு மடிப்பாக விரிந்து கிடக்கிறது. வேர்களைச் சுற்றி லிங்கம் போன்ற சிறு கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. வயது பல நூறு ஆண்டுகள் என்கிறார்கள். இந்த மலையின் மக்களான சோளகர்களுக்கு அந்த மரம் மாதேஸ்வரன் குடியிருக்கும் இடம்.

‘பழங்குடிகள் இயற்கையை வணங்குபவர்கள்’ என்று பள்ளிப் பாடநூலிலிருந்து சுற்றுலாக் கையேடு வரை எழுதிவைத்திருக்கிறோம். அது பாதி உண்மை. சோளகர் ஒருவர் கும்பிடுவது பொத்தாம்பொதுவான இயற்கையை அன்று. குறிப்பிட்ட ஒரு மரத்தை, குறிப்பிட்ட ஓர் ஊற்றை, குறிப்பிட்ட ஒரு கல்லைக் கும்பிடுகிறார். அந்த இடத்துக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குப் பொறுப்பான ஒரு குலம் உண்டு, அந்தக் குலத்துக்கு அங்கே செய்யவேண்டிய வேலைகள் உண்டு. அறுவடைத் திருவிழா அந்த வேலைகளின் ஒரு கட்டம். வேலையைப் பறித்துவிட்டு விழாவை மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும், வழிபாட்டை அரசே ஆதாரமாக ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த மலை சாட்சியாக இருந்திருக்கிறது.

மலையும் மக்களும்

தமிழ் வாசகர்களுக்கு இந்த மக்கள் புதியவர்கள் அல்லர். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியாகச் சத்தியமங்கலம் காட்டுச் சோளகர்களை அறிவோம். தாளவாடி, ஆசனூர், பர்கூர் மலைகளில் வாழ்பவர்களும் பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர் என்று அழைக்கப்படுபவர்களும் ஒரே மக்கள். மலைக்கு அடிவாரமான கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினை கோடு கிழித்தபோது சோளகர்களின் காடு இரண்டு மாநிலங்களுக்கும் இரண்டு வனத்துறைகளுக்கும் பங்காகிவிட்டது. அவர்களுடைய குடியிருப்புக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் தொட்டி என்றும், கர்நாடகப் பக்கம் பொடு என்றும் பெயர். பிளிகிரிரங்கன் மலையிலும் அதைச் சுற்றியும் அறுபதுக்கு மேற்பட்ட பொடுகளில் ஏறத்தாழ பதினாறாயிரம் சோளகர்கள் வாழ்கிறார்கள்.

தங்கள் மூதாதை காரய்யன் என்றும், அவன் மலை மாதேஸ்வரனின் மகன் என்றும் சொல்வார்கள். மலை உச்சிக் கோயிலில் இருக்கும் ரங்கசாமியோ அவர்களுக்கு மச்சான் முறை. குசுமாலை என்ற சோளகப் பெண்ணை அவர் கட்டிக்கொண்டார் என்பது கதை. வைணவ ஆகமப்படி பூசை நடக்கும் கோயிலின் மூலவரை முறை சொல்லிக் கூப்பிடும் உரிமையை இந்தக் கதை அவர்களுக்குத் தருகிறது. மேலிருந்து வந்த பெருந்தெய்வத்தைப் பகைக்காமலும் அதற்கு முழுக்க அடங்காமலும் உறவாக்கிக்கொள்வது மலைமக்களின் பழைய சாமர்த்தியம். வள்ளியைக் கட்டிய முருகனின் கதை தெரிந்த நமக்கு இது விளங்காமல் போகாது.

ராகி வந்த பிறகு

சோளகர்களின் பழைய வேளாண்மை காட்டைத் திருத்தி, எரித்து, விதைத்து, சில பருவங்களுக்குப் பிறகு நிலத்தை ஆறவிட்டு வேறிடம் போகும் முறை. ராகிதான் தலைப்பயிர். கூடவே தினை, அவரை, பூசணி. ராகி மழையை நம்பிய பயிர். ஆனி, ஆடியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் கதிர் முற்றும். காட்டு நடுவே விளைந்து நிற்கும் கதிருக்கு யானையும் பன்றியும் கிளியும் பங்காளிகள். இத்தனை பேரையும் தாண்டி வீடு வந்து சேர்ந்த தானியத்தை வீட்டார் வாயில் வைப்பதற்கு முன்னால் சாமிக்கு வைக்க வேண்டும். புது ராகிக்கு ஒரு விழா எடுப்பதும், ராகி ரொட்டி சுட்டுப் படைத்து எல்லாரும் கூடி உண்ணும் ‘ரொட்டி ஹப்பா’வும் இப்படி வந்தவை. படையல் முடிந்ததும் ஆட்டமும் பாட்டும் இரவு முழுக்க நீளும். ஒரு வீட்டு விளைச்சல் கூடுதலாகவும் இன்னொரு வீட்டு விளைச்சல் யானைக்குப் போயும் இருக்கலாம். விழா நாளில் எல்லார் கையிலும் ரொட்டி இருக்கும்.

ராகி ஸ்ரீராம்புரத்திலும் சாமிக்குப் போகிறது. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சி, வெங்காயமும் மிளகாயும் தொட்டுக்கொள்ளக் கொடுத்து ஊற்றுகிறோம். ஆனால் ஆடி என்பது ராகிக்கு விதைப்புக் காலம். நம் கூழ் கடையில் வாங்கிய மாவில் காய்ச்சியது. கிராமத்தில் அந்தக் கூழுக்கு ஒரு பயிர்க்கணக்கு இருந்தது. கையிருப்புத் தானியம் குறைந்து, புது விளைச்சல் தொலைவில் இருக்கும் மாதத்தில் ஊர்ப் பொதுவில் பசியாற்றும் ஏற்பாடு அது. ஆலை வேலைக்காகவும் கட்டட வேலைக்காகவும் பெங்களூர் வந்த குடும்பங்கள் விழாவைக் கொண்டுவந்தன. நிலத்தைக் கொண்டுவர முடியவில்லை. விழா பிழைத்துக்கொண்டது, பயிர்க்கணக்கு கழன்றுவிட்டது. நாமாகத் தேடிப்போன இடத்தில் நமக்கு நடந்தது இது. சோளகர்களுக்கு அவர்கள் சொந்தக் காட்டுக்குள்ளேயே நடந்தது.

1974இல் பிளிகிரிரங்கன் மலை வனவிலங்குச் சரணாலயமானது. வேட்டை நின்றது, எரித்து விதைக்கும் வேளாண்மை நின்றது. இடம் மாறி இடம் மாறி வாழ்ந்தவர்கள் நிலையான பொடுகளில் அமர்த்தப்பட்டார்கள். கைக்கு வந்தது சிறு நிலம். தேன், நெல்லிக்காய், சீயக்காய், கல்பாசி முதலியவற்றைச் சேகரித்து விற்பது பிழைப்பானது. 1981இல் டாக்டர் எச். சுதர்சன் தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் மருத்துவமும் பள்ளியும் கொண்டுவந்தது. ஒரு தலைமுறைக்குள் சோளகர்களில் பட்டதாரிகளும் ஆய்வாளர்களும் உருவானார்கள். பின்னால் நடந்த உரிமைப் போராட்டத்துக்கு இந்தப் படிப்பு பெரிய பலம்.

ஐந்து இடங்கள்

சோளகர் காட்டை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதை அறிய வனத்துறை வரைபடம் உதவாது. அவர்களுடைய அளவை ‘எல்லெ’. ஒவ்வொரு எல்லெயும் ஒரு குலத்தின் பொறுப்பில் இருக்கும். அதற்குள் ஐந்து வகை இடங்களைச் சொல்கிறார்கள். தேவரு, ஆண் தெய்வம் உறையும் இடம். மாரம்மா, தாய்த் தெய்வத்தின் இடம். வீரு, உக்கிரமான ஆவியின் இடம். கல்லுகுடி, இறந்தவர்களுக்குக் கல் வைக்கும் இடம். அப்பி, நீர் ஊறும் இடம்.

இந்தப் பட்டியலை வரிசையாகப் படித்தால் ஒரு குடியிருப்புக்கு வேண்டிய எல்லாம் அதில் வந்துவிடுகிறது. குடிக்க நீர், மாண்டவர்க்கு இடம், காக்கும் தெய்வம், பயந்து விலகி நிற்க வேண்டிய மூலை. ஊற்றுக்குத் தெய்வத்தன்மை உண்டென்றால் அதன் கரை மரத்தில் கைவைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் கூடவே வரும். ஒரு குலத்தின் எல்லெயில் பூசை வைப்பது அந்தக் குலத்தின் கடமை என்றால், அந்தக் காடு யாருடையது என்ற கேள்விக்கும் விடை சொல்லியாகிவிட்டது.

ஏட்டில் இல்லாத இந்த நில அளவையைச் சோளகர் பெரியவர்கள் நடந்து காட்ட, பெங்களூரில் இயங்கும் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிதின் ராய், சுஷ்மிதா மண்டல், அதே சோளகர் சமூகத்தில் பிறந்த ஆய்வாளர் சி. மாதேகௌடா ஆகியோர் வரைபடமாக்கினார்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் அதில் பதிவாயின. மரமும் ஓடையும் புலித் தடமும் மட்டுமே குறிக்கப்பட்டிருந்த வனத்துறைப் படத்தில் மனிதர்கள் இல்லை. இந்தப் படத்தில் காடு முழுக்க மனிதர்களின் பெயர்கள்.

தரகு நெருப்பு

வழிபாட்டோடு பிணைந்த வேலைகளில் ஒன்றைக் கிட்ட நின்று பார்க்கலாம். சோளகர்கள் அதைத் ‘தரகு பெங்கி’ என்பார்கள். தை, மாசி வாக்கில், இலை உதிர்ந்து தரையில் சருகு சேர்ந்திருக்கும், கோடை வெயில் இன்னும் ஏறியிருக்காது. மண்ணில் ஈரமும் காலையில் பனியும் மிச்சமிருக்கும் அந்தச் சமயத்தில் சருகுக்கு நெருப்பு வைப்பார்கள். நெருப்பு தாழ்வாகப் படர்ந்து சருகைத் தின்றுவிட்டு அடங்கிவிடும், பெரிய மரத்தைத் தொடாது. மழைக்குப் பிறகு அந்த இடத்தில் புல் தழைக்கும், மானும் காட்டெருதும் மேய வரும், நெல்லிக்காய் பொறுக்கவும் கிழங்கு தோண்டவும் வழி தெரியும்.

சரணாலயம் வந்ததும் நெருப்பு குற்றமானது. அதன்பின் நடந்ததைப் பெரியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்: உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறி மரத்தைக் கொன்றது, தாழ்ந்த நெருப்பின் சூடும் புகையும் இரண்டையும் அடக்கிவைத்திருந்தன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச்செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று தென்னிந்தியக் காடுகளின் பெரிய தலைவலி. பரத் சுந்தரம், அங்கிலா ஹிரேமத் முதலியோர் இந்த மலையில் நடத்திய ஆய்வில், 1997இல் மாதிரித் திட்டுகளில் 41 சதவீதத்தில் காணப்பட்ட உண்ணிச்செடி, 2008இல் 81 சதவீதத்தில் காணப்பட்டது. காடு மாறிய விதம் குறித்துச் சோளகர் சொல்லும் வரலாற்றையும் அவர்கள் ஆய்வுத் தரவாக எடுத்துக்கொண்டார்கள்.

வனத்துறைக்கும் ஒரு நியாயம் உண்டு. உண்ணிச்செடி ஆளுயரத்துக்குப் புதராக மண்டிய காட்டில் இன்று நெருப்பு வைத்தால் அது சருகோடு நிற்காது. புதரைப் பிடித்து மேலேறி மரத்தின் தலைவரை எரிக்கும். உண்ணிச்செடி பரவியதற்கு நெருப்புத் தடை ஒன்றே காரணமா என்பதும் சூழலியலாளர்களிடையே பேசி முடியாத விவாதம். எனவே ‘பழையபடி எரிக்க விடுங்கள்’ என்பது எளிய தீர்வாகாது. அதே சமயம், எந்த மாதம், எந்தக் காற்றில், எந்தச் சரிவில் எரிக்கலாம் என்று அறிந்திருந்தவர்களை அரை நூற்றாண்டு ஒதுக்கிவைத்ததன் விலையைக் காடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. ரொட்டி ஹப்பாவை யாரும் தடைசெய்யவில்லை. அந்த விழாவுக்குப் பின்னால் இருந்த வேளாண்மையையும் நெருப்பையும்தான் தடைசெய்தார்கள். எஞ்சியதைப் பார்த்து ‘இயற்கையை வணங்கும் எளிய மக்கள்’ என்று ரசித்தோம்.

விதிப் புத்தகத்தில் சாமி

சிக்கல் 2006இல் உச்சத்துக்குப் போனது. வனவிலங்குச் சட்டத்துக்கு 2002இல் வந்த திருத்தத்தைக் காட்டி, சரணாலயத்துக்குள் விற்பனைக்காகத் தேனும் நெல்லியும் சேகரிப்பது தடுக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. காட்டில் வாழ்ந்துவரும் பழங்குடிகளுக்கு வரலாற்றில் இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்வதே தன் நோக்கம் என்று அதன் முகவுரை சொல்கிறது.

உரிமை கேட்பவர் ஆதாரம் காட்ட வேண்டும். பட்டா இல்லாதவர், வரி ரசீது இல்லாதவர், பிறந்த தேதிகூட ஏட்டில் ஏறாதவர் எதைக் காட்டுவார்? 2008இல் வந்த விதிகளில் பதின்மூன்றாம் விதி ஒரு வழி திறந்தது. தொன்மையை நிறுவும் மரபுக் கட்டுமானங்களை ஆதாரமாக ஏற்கலாம் என்று சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாகக் கிணறுகள், புதைகாடுகள், புனித இடங்கள் மூன்றையும் அது குறிப்பிட்டது. சோளகர்களின் ஐந்து இடங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அப்பியும் கல்லுகுடியும் தேவருவும் அப்படியே விதிப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருப்பது தெரியும். பெரியவர்கள் நடந்து காட்டிய வழிபாட்டு வரைபடம் சட்டத்தின் முன் செல்லுபடியாகும் ஆவணமானது.

2011 ஜனவரியில் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெளியேற்றம் வரும் என்ற அச்சம் பொடுகளில் பரவியது. மாவட்டத்தின் பழங்குடிச் சங்கமும் கிராம சபைகளும் விடாமல் நின்றன. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் இத்தகைய உரிமை பெற்ற முதல் மக்கள் சோளகர்கள் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. காட்டுப்பொருள் சேகரிக்கவும், வழிபாட்டிடங்களுக்குப் போய்வரவும், தங்கள் காட்டைத் தாங்களே பேணவும் எழுத்துப்பூர்வமான உரிமை கிடைத்தது.

பிற மலைகளில்

விழாவுக்குள் சட்டம் ஒளிந்திருப்பது சோளகர்களிடம் மட்டும் காணும் வழக்கம் அன்று. ஜார்க்கண்டின் ஓராவோன், முண்டா மக்கள் சால் மரம் பூக்கும் பருவத்தில் சர்ஹுல் எடுக்கிறார்கள். அந்தப் பூசை நடக்கும் வரை அந்த ஆண்டின் புதுப் பூவையும் கனியையும் தொடக் கூடாது. சந்தாலர்களின் பாகா விழாவுக்கு முன்னால் சால் பூவுக்கும் இலுப்பைப் பூவுக்கும் இதே தடை. பஸ்தரின் கோண்டு மக்கள் மாங்காய்க்கென்று தனி விழா வைத்திருக்கிறார்கள், அது முடியாமல் மாங்காய் கடிக்க மாட்டார்கள். மரம் பூத்துக் காய்த்து முற்றும் வரை ஊர் முழுக்கக் கைகட்டி நிற்க வைக்க, காவலர் யாரையும் நிறுத்தாமல், ஒரு விழா நாள் போதுமாக இருக்கிறது. பேராசைக்காரன் ஒருவன் முந்திக்கொண்டு பறித்துவிடக் கூடாது என்ற பொது நியாயம்தான் இங்கே சாமி பெயரில் பேசுகிறது.

ஒடிசாவின் நியமகிரியில் இந்த நியாயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டோங்கிரியா கோந்து மக்களின் தெய்வமான நியமராஜன் உறையும் மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், 2013 ஏப்ரல் 18 அன்று நீதிமன்றம், மக்களின் மத, பண்பாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. அந்தக் கோடையும் மழையும் கழிவதற்குள் கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன.

இந்த வெற்றிகளுக்குள் ஓர் இடறலும் இருக்கிறது. உரிமைக்குப் பக்தி ஆதாரமானால், பக்தி குறைந்தவருக்கு உரிமை குறையுமா? மாரம்மாவை மறந்து நகரத்தில் படிக்கும் சோளக இளைஞனுக்கும், வேறு மதத்துக்குப் போன முண்டாப் பெண்ணுக்கும் காட்டில் பங்கில்லையா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பெரியவர்களின் வாக்குமூலம் உட்பட வேறு ஆதாரங்களையும் அது ஏற்கிறது. ஆனால் அரசியலில் இந்தக் கேள்வி ஓயாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 49 லட்சம் பேர் தங்கள் மதம் பழங்குடி நெறியான சர்னா என்று எழுதினார்கள். அதற்குத் தனிக் குறியீடு வேண்டுமென்று 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தங்களை யார் எந்தப் பெட்டியில் போடுவது என்பதையும் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கையின் அடிநாதம். பழங்குடிகள் வேட்டையாடியதையும், அவர்கள் தெய்வங்கள் பலி கேட்டதையும் மறைத்து, அவர்களைப் பசுமைத் துறவிகளாக வரைவதும் மற்றவர்களே அவர்களைப் பெட்டியில் போடும் தவற்றின் இன்னொரு முகம். நல்லவர்கள் என்பதற்காக அவர்களுக்கு உரிமை கொடுக்கவில்லை. நிலம் அவர்களுடையது என்பதற்காகவே கொடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது கொடுக்கப்பட வேண்டும்.

2011இல் கிடைத்த உரிமைப் பத்திரத்துக்குள்ளும் ஒரு வெற்றிடம் உண்டு. காட்டைப் பேணும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் பேணுவதற்குச் சோளகர் கையாண்ட முதன்மைக் கருவியான நெருப்பு இன்னும் வனத்துறையின் தடைப்பட்டியலில்தான் இருக்கிறது. சாமியின் இடம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. சாமியின் பெயரால் நடந்த வேலை ஒப்புக்கொள்ளப்படவில்லை.

2021 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 15, பிர்சா முண்டா பிறந்த நாள், பழங்குடிப் பெருமை நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. மேடை போடுகிறார்கள், ஆடச் சொல்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். ரொட்டி ஹப்பாவை மேடையேற்ற ஒரு பந்தலும் ஓர் ஒலிபெருக்கியும் போதும். உண்ணிச்செடி மண்டிய ஒரு சரிவை முதலில் எப்படித் திருத்துவது, பிறகு எங்கே, எந்த மாதம், எவ்வளவு நெருப்பு வைப்பது என்று ஒரு பொடுவின் கிராம சபையைக் கேட்டு, அது சொல்வதற்குக் கட்டுப்படுவதென்றால், வனத்துறை தன் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவதைச் செய்ய மனமில்லாத அரசு, முதலாவதை மரியாதை என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.